அண்ணன் அறையில் இருந்த நகல்

லோசலினேக்கு எதைக் கண்டாலும் பயம். தெரு நாய் என்றால் பயம், பல் மருத்துவர் என்றால் பயம், தேவாலயத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பயம். இதற்கெல்லாம் மேலே, கணினித் திரையில் சிவப்பு எழுத்து வந்தால் பயம். எங்கள் அலுவலகத்தில் அவள் சேர்ந்ததிலிருந்து நான்கு வருடமும் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வானொலியையும் தொலைபேசியையும் பார்த்துக்கொள்பவள் நான். திரையில் சிவப்பு வந்தால் அவள் காது மடல் சிவக்கும். அதைப் பார்த்தே நான் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான நுக்குவாலோஃபாவின் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு அறைதான் எங்கள் அலுவலகம். மூன்று பேர். முதலாளி உவைசேலே, லோசலினே, நான். செய்யும் வேலையும் ஒன்றுதான். சின்ன மீன்பிடிப் படகுகளில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவி இருக்கும். அது தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அலுவலகத்தின் பின்னால் உள்ள உயரக் கம்பம் அதை வாங்கும். லோசலினேயின் கணினி அதைக் கடல் வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டும். பதினான்கு படகு, பதினான்கு புள்ளி. இந்தப் படகுகளில் வானொலி கிடையாது, கைபேசிக்கும் கரையை விட்டால் உயிர் கிடையாது. அந்தப் புள்ளிதான் அவர்களைப் பற்றி எங்களுக்கு இருக்கும் ஒரே தகவல்.

அந்த நிரலை எழுதியது லோசலினே இல்லை. அவள் அண்ணன் மனாசே. இப்போது அவள் உட்காரும் நாற்காலியில் முன்பு அவன்தான் உட்கார்ந்திருந்தான். அவள் கடல் கடந்து சுவா நகரில் கணினி படித்து முடித்துத் திரும்பினாள். உவைசேலே அவளுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். அன்று மாலையே மனாசே தன் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டான்.

"ஒரே ரூமு. நானும் அவளும் எப்படி உக்கார்றது?" என்றான் என்னிடம். "அவளுக்குப் படிப்பு இருக்கு. எனக்குக் கடல் இருக்கு."

எங்களில் வயது வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்க்க மாட்டார்கள். அவள் வந்தால் இவன் எழுந்து வெளியே போவான். அவன் படுக்கும் அறைக்குள் அவள் கால் வைக்கவே மாட்டாள், அவன் பொருளைத் தொட மாட்டாள். தங்கை என்றால் அண்ணனுக்கு ஒரு படி மேலே, அந்த மரியாதைக்கு இருவரும் கட்டுப்பட்டவர்கள். இந்தக் காலத்தில் பாதிப் பேர் இதைக் காற்றில் விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு பேரும் விடவில்லை. நிரலைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு தாளில் எழுதி என்னிடம் தருவாள். அவன் படகைக் கட்டிவிட்டு வாசலில் நின்று வாங்கிப்போவான். மறுநாள் பதில் தாள் என் கைக்கு வரும். நான்கு வருடம் இந்தத் தபால்காரி வேலையை நான் சம்பளமில்லாமல் பார்த்தேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

சூறாவளி செவ்வாய் இரவு வரும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நாட்டில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டோம், யாரும் வலை போட மாட்டார்கள். அதனால் திங்கள் விடிவதற்குள் படகெல்லாம் கிளம்பிவிடும். புயலுக்கு முன் ஒரு நாள் மீன் பிடித்துவிடலாம் என்று அன்றும் கிளம்பின. ஒன்பது மணிக்கு வானொலியில் சொன்னார்கள்: புயல் திரும்பிவிட்டது, இன்று பொழுது சாயும்போதே கரையைத் தொடும். பத்து மணிக்கு ரோந்துப் படகின் தலைவர் லாத்து வானொலியில் என்னைக் கூப்பிட்டார்.

"சுலியெத்தி, வெளிய யார் யார் இருக்கா? இடத்தச் சொல்லு, போய் இழுத்துட்டு வந்துடறோம். மூணு மணிக்கு மேல என்னாலயும் வெளிய நிக்க முடியாது, ஆமா."

நான் லோசலினே பக்கம் திரும்பினேன். அவள் காது மடல் சிவந்திருந்தது. திரையில் வரைபடம் இல்லை. கறுப்பு, அதன் மேல் சிவப்பு எழுத்து.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் புதுப் பதிப்பு போட்டேன். போடு போடுன்னு ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. போட்டுட்டுக் கிளம்பிட்டேன். ஓட்டிப் பாக்கல."

சனிக்கிழமை சூரியன் மறைந்தால் எங்களுக்கு எல்லாம் அவசரம். ஞாயிற்று விருந்தை மண்ணுக்குள் வேகவைக்கும் அடுப்புக்குழிக்கு விறகு, இலை, கறி என்று ஆயிரம் வேலை. அவளும் எழுந்து ஓடியிருக்கிறாள். ஞாயிறு முழுவதும் கதவு பூட்டு. திங்கள் காலையில்தான் குட்டு வெளிப்பட்டது.

எனக்குக் கணினி தெரியாது. ஆனால் அன்று அவள் சொல்லிச் சொல்லி எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் எழுதிய இந்த நிரல் தனியாக நிற்பதில்லை. உலகத்தில் யார் யாரோ எழுதிய ஆயிரத்துச் சொச்சம் சின்னச் சின்னத் துண்டுகளின் மேல் நிற்கிறது. அந்தத் துண்டுகளை இணையத்திலிருந்து இறக்கி ஒரே கோப்புறையில் அடுக்கிவைக்க ஒரு மேலாளர் நிரல் உண்டு. சனிக்கிழமை அவள் மாற்றியது எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் அடித்தளத்தை. கம்பத்திலிருந்து சேதி வாங்கித் தரும் துண்டு ஒன்று மட்டும் புது அடித்தளத்தில் உட்கார மாட்டேன் என்றது. நான் பழசுக்குச் செய்யப்பட்டவன் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. இவ்வளவுதான் கோளாறு.

இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எது கெட்டாலும் சரி, யோசிப்பதற்கு முன் அந்தக் கோப்புறையை மொத்தமாக அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக இறக்குவார்கள். மனாசேயும் செய்வான், இவளும் செய்வாள், சுவாவில் இவளோடு படித்தவர்கள் அத்தனை பேரும் செய்வார்களாம். பத்தில் ஒன்பது முறை சரியாகிவிடுமாம். இவள் விரல்கள் தானாகவே அந்தக் கட்டளையை அடித்தன. துண்டுகளின் எண்களைக் குறித்துவைத்திருந்த பட்டியலையும் சேர்த்து அழித்தாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எவ்வளவு நேரம்டி ஆகும்?"

"ஆறு நிமிஷம். அதிகம் போனா எட்டு."

அப்போது கூரைமேல் உவைசேலே இருந்தார். புயல் வந்தால் எங்கள் ஊரில் முதல் வேலை கூரையில் இருக்கும் தட்டு ஆண்டெனாவைக் கழற்றி உள்ளே வைப்பது. போன புயலில் பக்கத்துக் கடையின் தட்டு பறந்துபோய் ஒரு பன்றியை இரண்டாக வெட்டியது. அறுபது வயதில், மரியாதைக்காக நாங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் பாயோடு மேலே ஏறி நின்ற மனிதர் குனிந்து கத்தினார்.

"சுலியெத்தி! காத்து தூக்குது! கழட்டட்டுமா?"

நான் யாரையும் கேட்கவில்லை. "கழட்டுங்க, கழட்டிட்டு முதல்ல கீழ எறங்குங்க, கழுத்து ஒடஞ்சா உங்க சம்சாரத்துக்கு யார் பதில் சொல்றது!" என்று கத்தினேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது. எங்கள் இணையம் அந்தத் தட்டு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவளுடைய துண்டுகளில் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.

லோசலினேயின் திரையில் நகர்ந்துகொண்டிருந்த கோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்து வரிவரியாக வந்தது. இணைப்பு இல்லை, நேரம் கடந்தது, மறுபடி முயல்கிறேன், நேரம் கடந்தது. அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். பயத்தில் அவள் முகம் சின்னக் குழந்தையின் முகமாக ஆகிவிட்டது.

உவைசேலே ஓடி வந்து மறுபடி கூரையேறப் பார்த்தார். ஏணியே நிற்கவில்லை. அவளுடைய கைபேசி இணைப்பில் முயன்றோம். ஊரில் இருந்த எல்லோரும் ஆக்லாந்தில் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், கைபேசிக் கோபுரம் திணறியது. ஒரு துண்டு இறங்கும், அடுத்தது பாதியில் நிற்கும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். மூன்று முறை அப்படி ஆனது.

"குப்பைத்தொட்டில இருக்காதாடி? அழிச்சது அங்கதான போகும்?" என்றேன்.

"இது போகாது அக்கா. இப்படி அழிச்சா எங்கயும் போகாது."

திடீரென்று நிமிர்ந்தாள். முன்பு இறக்கிய துண்டுகளையெல்லாம் அந்த மேலாளர் நிரல் ஓரிடத்தில் ஒளித்துவைத்திருக்குமாம். இணையம் இல்லாமலே அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லலாமாம். வேகமாகத் தட்டினாள். ஒரு வரி வந்தது. அவள் தோள் தொங்கிப்போனது.

"சனிக்கிழமை அதையும் காலி பண்ணேன். இடம் பத்தல. சுத்தம் பண்ணிட்டுப் போவோம்னு நெனச்சேன்." கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்வதுபோல, "அடித்தளத்த மட்டும் பழசுக்கு மாத்தியிருந்தாப் போதும். கோப்புறைய நான் தொட்டிருக்கவே வேண்டாம்," என்றாள்.

பதினொன்றே முக்கால். லாத்து மறுபடி கூப்பிட்டார். துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த படகுகளை எண்ணியிருக்கிறார். பதினொன்று வந்திருந்தன. வராத மூன்றின் பெயரைச் சொன்னார். ஒன்று கிழவர் ஹோப்போவுடையது, இரண்டு பேர் போனது. இன்னொன்றில் மூன்று பேர். மூன்றாவதில் ஒரே ஆள், மனாசே.

அண்ணனின் பெயர் அறைக்குள் வந்ததும் அவள் பழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டாள். அப்படிக் குனிந்திருக்கும்போதே அழ ஆரம்பித்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் எழுதிய நிரலை இவள் அழித்துவிட்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் நிற்கிறாள். அவன் கடலுக்குப் போனதே இவளால். இதையெல்லாம் அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லவும் தேவையில்லை.

"அழுதா புள்ளி வருமாடி?" என்று அதட்டினேன். எனக்கு நடுக்கம் வந்தால் அதட்டத்தான் வரும். "அவன் எழுதினதுதான? அவன்கிட்ட பழைய நகல் ஒண்ணு இருக்காதா?"

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அரை மணி நேரமாக அவளுக்கு இது தெரியும். சொல்லப் பயந்துகொண்டு கைபேசி இணைப்போடு போராடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இருக்கு," என்றாள் கடைசியில். "அவரோட பழைய லேப்டாப்புல. அடித்தளமும் பழசு. அப்படியே எடுத்துட்டு வந்தா ஓடும்."

"எங்க இருக்கு?"

"அவர் ரூம்ல."

உவைசேலே வேன் சாவியை எடுத்தார்.

கோலோஃபோவுவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வேனில் பத்து நிமிடம். தென்னை மட்டைகள் சாலையில் விழுந்து கிடந்தன. வீட்டில் ஒருவரும் இல்லை. அம்மா தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேவாலய மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார். ஒரு மணிக்கு ஊர் முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று வேன் வானொலியில் கேட்டோம். அந்த லேப்டாப்பின் மின்கலம் செத்து இரண்டு வருடம் ஆகிறது, சுவரில் செருகினால்தான் எரியும். தூக்கிக்கொண்டு வரலாம் என்றால் தளர்ந்துபோன மின்கம்பியைப் பசை நாடாவால் அதோடு ஒட்டி வைத்திருக்கிறானாம். அசைத்தால் அணைந்து, மறுபடி எழுந்திருப்பது அதன் இஷ்டமாம். இதெல்லாம் நான்கு வருடத் தாள்களில் அவன் எழுதி அனுப்பியது.

"நான் போறேன்," என்றேன். "எனக்கென்ன, நான் அவனுக்குத் தங்கச்சியா?"

"உங்களுக்கு என்ன எடுக்கணும்னு தெரியாது அக்கா. நான் வெளிய நின்னு சொன்னாலும் நேரம் பத்தாது."

முன் கதவின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. காற்றில் கதவு படார் படார் என்று அடித்தது. நான் அதை முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் அண்ணனின் அறை வாசலில் நின்றாள். இடுப்பில் இருந்த பாயைச் சரிசெய்து, முடியை அள்ளிக் கட்டினாள். நிலைப்படியில் கை வைத்தாள். கால் எழவில்லை. நாய்க்கும் பல் மருத்துவருக்கும் பயந்த பயம் இல்லை அது. இருபத்தாறு வருடமாக அவள் உடம்புக்குள் ஊறிப்போன ஒன்றை எதிர்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

திரும்பிக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு அடிச் சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

அந்த நாற்பது நிமிடத்தை நான் எப்படிச் சொல்ல? அவள் உள்ளே இருந்து பேசிக்கொண்டே இருந்தாள், தனியாக இருக்கப் பயந்து. விரல் நீளத்தில் ஒரு பென்டிரைவ் குச்சியில் நகல் எடுக்கவேண்டும். நாற்பதாயிரம் சின்னக் கோப்புகளாம். எடுக்க ஆரம்பித்ததும் மீதம் ஒரு மணி இருபது நிமிடம் என்று காட்டியது. அவள் வாயிலிருந்து ஒரு கேவல் வந்தது. பிறகு யோசித்தாள். அன்று அவள் முதன்முதலாக யோசித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் முதலில் ஒரே மூட்டையாகக் கட்டி, அந்த ஒரு மூட்டையை மட்டும் எடுத்தால் சீக்கிரம் ஆகும் என்று நிறுத்திவிட்டு மாற்றினாள்.

"என்ன தெரியுதுடி உள்ள? கூரை ஒழுகுதா?"

"தெரியாது அக்கா. நான் எதையும் பாக்கல. திரைய மட்டும்தான் பாக்கறேன்."

கூரைத் தகடு எங்கோ கிளம்பி அடித்தது. வேனில் உவைசேலே ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார். எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கப்படாமல் சொல்கிறேன். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் வெளியே வந்தாள். குச்சி அவள் கையில் இல்லை, வாயில் கவ்வியிருந்தாள். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தாள், வரும் வழியில் எதன் மேலும் படாமல் இருக்க. நாங்கள் வேனில் ஏறியபோது தெருவிளக்குகள் அணைந்தன.

அலுவலகத்தில் ஜெனரேட்டரைப் போட்டோம். மூட்டையைப் பிரித்தாள். பழைய அடித்தளத்தின் மேல் பழைய துண்டுகள். ஓடச் சொன்னாள். சிவப்பு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. நீலக் கடல் மட்டும் விரிந்தது, வெறுமையாக. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். பிறகு ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, துறைமுகத்தில் கொத்தாகப் பதினொன்று. தெற்கே கடலில் ஒன்று. அது ஹோப்போ. வடகிழக்கே பவளப்பாறைக்கு வெளியே ஒன்று. அது மூன்று பேர் போன படகு.

நான் எண்களை லாத்துவுக்குப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வாங்கிட்டேன். மூணாவது?"

"இரு லாத்து, வரும்."

பதினான்காவது புள்ளி வந்தது. கடலில் இல்லை, நிலத்தில். லோசலினே வரைபடத்தைப் பெரிதாக்கினாள். கோலோஃபோவு. அவர்கள் தெரு. அவர்கள் வீடு.

உவைசேலே, "அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டான்!" என்று கையைத் தட்டினார்.

"இல்ல," என்றாள் அவள். "வீட்ல யாரும் இல்ல. இப்பதான வந்தோம்." அவள் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டாள். "கருவிய சார்ஜ் போட்டுட்டு மறந்து போயிருக்கார். அது அந்த ரூம்லதான் இருக்கு. என் பக்கத்துலயே இருந்திருக்கு."

நாங்கள் அவனுடைய நகலைத் தேடி எடுத்து வந்தோம், அவன் எங்கே என்று மட்டும் இப்போது உலகத்தில் எந்த இயந்திரமும் சொல்லாது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் போய், தரையில் குந்தி, காதைப் பொத்திக்கொண்டாள். நான் லாத்துவிடம் உண்மையைச் சொன்னேன்.

"அவன் வழக்கமா எந்தப் பக்கம் போவான்?"

நான் லோசலினேயைப் பார்த்தேன். நான்கு வருடமாகத் தினம் அவள் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறாள். மற்ற பதின்மூன்றைவிட அதை அதிகம் பார்த்திருக்கிறாள், வெளியே சொல்ல மாட்டாள். காதிலிருந்து கையை எடுத்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"திங்கட்கிழமைன்னா வடகிழக்கு. பாறைக்கு வெளிய. எப்பவும் அந்த மூணு பேர் படகுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் நிப்பார்."

"அப்ப முதல்ல ஹோப்போ கெழவன எடுத்துட்டு நேரா வடகிழக்குதான்," என்றார் லாத்து. "ஜெபம் பண்ணுங்க."

இரண்டரைக்கு ஹோப்போவையும் அவர் மகனையும் ஏற்றிவிட்டதாகச் சேதி வந்தது. அதன் பிறகு வானொலியில் இரைச்சல்தான். மூன்று மணி ஆனது. மூன்றரை ஆனது. லாத்து சொன்ன கெடு தாண்டிவிட்டது. ஜன்னல் பலகையின் இடுக்கில் மழை பக்கவாட்டில் பீய்ச்சியது. உவைசேலே ஜெபத்தை ஆரம்பித்து, பாதியில் எந்த வரி என்று மறந்து, மறுபடி ஆரம்பித்தார். லோசலினே திரைக்கு முன் வந்து உட்கார்ந்திருந்தாள். வடகிழக்குப் புள்ளி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்குக் குரல் வந்தது.

"சுலியெத்தி. ரெண்டாவது படகு கெடச்சாச்சு. ஆளுங்கள ஏத்திட்டோம். படகு போச்சு."

அவளால் கேட்க முடியவில்லை. அண்ணன் பெயரைக் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. நான்தான் கேட்டேன். "எத்தன பேர் லாத்து?"

"நாலு."

"மறுபடி சொல்லு."

"நாலு பேர், நாலு! மூணு பேரோட ஒருத்தன் ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். அவன் இன்ஜின் நின்னு, படகு கவுந்து, இவனுங்க தூக்கிப் போட்டுக்கிட்டிருக்கானுங்க. உப்புத் தண்ணியக் குடிச்சுட்டு வாந்தியெடுக்கறான். திட்டறதுக்குத் தெம்பு இருக்கு, பொழச்சுப்பான்."

நான் ஓவென்று அழுதேன். லோசலினே அழவில்லை. அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், நெடுநேரம்.

ஐந்து மணிக்கு உவைசேலே அவர்களை வேனில் ஏற்றி வந்தார். எங்களுடையது கல் கட்டடம், அதனால் இங்கேயே இரவு தங்கட்டும் என்று. மற்றவர்கள் உள்ளே வந்து துண்டால் துவட்டிக்கொண்டார்கள். மனாசே மட்டும் வாசல் தாழ்வாரத்தில் நின்றான். உள்ளே தங்கை இருக்கிறாள். பின்னால் சூறாவளி, அவன் உள்ளே வரவில்லை.

"உள்ள வாடா, பைத்தியக்காரா!" என்று கத்தினேன். "நீ எழுதின நிரலு, நீ செஞ்ச கருவி, ஊருக்கெல்லாம் கட்டிவிட்டுட்டு உன்னோடத மட்டும் வீட்ல வச்சுட்டுப் போவியா?"

அவன் தலை குனிந்து நின்றான். அப்போதுதான் லோசலினே நாற்காலியைத் திருப்பினாள். நான்கு வருடத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தாள். என் வழியாக இல்லாமல், நேராக அவனைப் பார்த்துப் பேசினாள்.

"நான் உங்க ரூமுக்குள்ள போனேன்."

அவன் நிமிரவில்லை.

"உங்க நாற்காலில உக்காந்தேன். உங்க லேப்டாப்பத் தொட்டேன். வேற எதையும் பாக்கல, மரியாதைக்காகத் திரைய மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்." அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்திருக்கணும். ஒரு தடவ தலையத் திருப்பியிருந்தா, கருவி இங்கதான் கெடக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். ஒரு மணி நேரம் முன்னாடியே உங்களத் தேடச் சொல்லியிருப்பேன். பாக்காம வந்துட்டேன்."

மனாசே சொட்டச் சொட்ட வந்து, அவள் நாற்காலிக்குத் தாழ்வாக, கதவுக்கு உட்புறம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். கூரைமேல் காற்று இறங்கி ஏறியது.

"சுலியெத்தி அக்கா," என்றான் கொஞ்ச நேரம் கழித்து, "அவ ரொம்பப் பயந்துட்டாளான்னு கேளுங்க."

"என் தபால் வேலை முடிஞ்சுது. நீயே கேளு."

அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"பயந்துட்டியா?"

"இன்னும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.